பந்தற்காலும் கொழுகொம்பும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் கொடி தாங்கும் கலை

தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக் கட்டும் வழக்கம் அண்மைக்காலத் தோட்டக்கலைத் துறையின் பரிந்துரைகளோடு வந்த புதிய ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. செடியின் வயதை மட்டும் பார்த்தால் இக்கருத்து பொருத்தமாகவே தோன்றும்; தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் காட்டுச்செடியாகத் தோன்றி, மெக்சிகோவில் பயிராகப் பண்படுத்தப்பட்ட தக்காளி, போர்ச்சுகீசியரின் கடல்வழி வணிகத்தின் வாயிலாக இந்தியக் கரையை அடைந்து, பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில்தான் பரவலான தோட்டப் பயிராயிற்று. ஆயினும் செடி புதிதாக இருந்த அளவுக்கு அதைத் தாங்கிய குச்சியும் கயிறும் முடிச்சும் புதியவையாக இருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த நிலத்தையும் எடுத்துக்கொண்டால், கோயில் நந்தவனத்தின் பூங்கொடிகளும் வீட்டுப் புழக்கடையின் அவரையும் புடலையும், வடக்கிலும் தெற்கிலும் ஆற்றுப் படுகைகளில் செழித்த வெற்றிலைக் கொடிகளும், தக்காளி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொடி தாங்கும் கலையை இத்தென்பகுதிக்குக் கற்பித்திருந்தன என்பது தெளிவாகும். எந்தச் செடியை எதைக்கொண்டு தாங்குவது என்பதை உழவரின் விருப்பத்தைவிட அந்தந்த நிலத்தில் மிஞ்சிக் கிடந்த பொருளே பெரும்பாலும் தீர்மானித்தது என்பதே இவ்வரலாற்றின் மையமான செய்தி.

இவ்வட்டாரத்தின் நில அமைப்பு மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து மாறும் தன்மையுடையது. மேற்கே செண்பகத்தோப்பையும் அய்யனார் கோயில் அருவியையும் கொண்ட மலைச்சரிவுகளில் மூங்கிலும் பலவகைக் காட்டு மரங்களும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களைச் சார்ந்து, அதாவது மழைநீரை மண்கரையால் மறித்து நிறுத்தும் ஏரிகளைச் சார்ந்து, நெல்லும் கரும்பும் தென்னையும் மாவும் விளையும் செவல்மண் நிலம் அடுத்து வருகிறது. அதற்கும் கிழக்கே சாத்தூரை நோக்கிச் செல்லச் செல்ல, பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளைந்த கரிசல் விரிகிறது. காட்டிலிருந்து மூங்கில், தோட்டத்திலிருந்து வாழைநாரும் தென்னங்கயிறும், கரிசலிலிருந்து பருத்திமார் என்று, ஒரே நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் மூன்று வகையான தாங்குபொருள்கள் கிடைத்த இடம் இது. 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் ராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டமான பகுதியிலும் இவ்வூர்கள் இணைக்கப்பட்டன என்பதை நினைவில் கொண்டால், பழைய அரசு ஏடுகளில் இவ்வட்டாரத்துப் பயிர்ச் செய்திகள் வெவ்வேறு மாவட்டப் பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடப்பதன் காரணம் விளங்கும்.

கொடிகளை வளர்ப்பதைத் தொழிலாகவும் தொண்டாகவும் கொண்ட ஒருவரின் பெயரோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூரின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. விஷ்ணுசித்தர் என்ற இயற்பெயர் கொண்ட பெரியாழ்வார், வடபத்ரசாயி கோயிலுக்கு நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிச் சாத்துவதையே தம் பணியாகக் கொண்டிருந்தார் என்றும், அந்நந்தவனத்தின் துளசிச் செடிகளுக்கிடையே ஆடி மாதப் பூர நாளில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்றும் வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அவருடைய காலத்தை அறிஞர்கள் பெரும்பாலும் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டாகக் கொள்கின்றனர். பக்தி இலக்கியமாகவே படிக்கப்பட்டுவரும் பெரியாழ்வார் திருமொழியை ஒரு தோட்டக்காரரின் ஆவணமாகவும் படிக்க இடமுண்டு. கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை எனப் பாட்டுக்குப் பாட்டு வேறுவேறு பூக்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. இவற்றுள் செண்பகமும் பாதிரியும் புன்னையும் மரங்கள், செங்கழுநீர் நீர்ப்பூ, குருக்கத்தியோ, மாதவி என்றும் அழைக்கப்படும் வன்கொடி, அதாவது தண்டு மரம்போல் முற்றிக் கனக்கும் படர்கொடி, மல்லிகை இனத்துப் பூக்களில் சில புதராகவும் சில பற்றிப் படர்வனவாகவும் வளரும். ஒரே தோட்டத்தில் இத்தனை வளர்முறைகளையும் பேணியவருக்கு, எதை மரத்தில் ஏற்றுவது, எதற்குப் பந்தலிடுவது, எதை வெட்டிக் குறுக்கிப் புதராகவே நிறுத்துவது என்ற தேர்ந்த அறிவு இருந்திருக்க வேண்டும் என்று கருதுவது மிகையாகாது. ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் ஒரு பதிகத்தில் காந்தளையும் கோவைக்கொடியையும் முல்லையையும் முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். மூன்றுமே பற்றுக்கோடு தேடிப் படர்பவை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அறியாமல் இருந்திருக்க முடியாது.

பெரியாழ்வாரின் தொண்டு தனி ஒருவரின் ஆர்வமாக மட்டும் நின்றுவிடவில்லை. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனம் என்பது கோயிலின் நிலையான ஓர் அமைப்பாகவே காணப்படுகிறது. திருநந்தவனப்புறம் என்ற பெயரில் பூந்தோட்டத்தின் செலவுக்காக ஒதுக்கப்பட்ட நிலம், தோட்டத்துக்கு நீர் இறைப்போருக்கும் களை எடுப்போருக்கும் அளக்கப்பட்ட நெல், திருப்பள்ளித்தாமம் எனப்பட்ட இறைவனுக்குரிய மாலையைத் தொடுப்போருக்கான வாழ்வூதியம் ஆகியவை தமிழ்நாடெங்கும் பல கோயில்களில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. நாள்தோறும் தவறாமல் பூ வேண்டும் என்ற கட்டாயம் கொடிகளைத் தரையில் படரவிட இடந்தரவில்லை; மண்ணில் கிடக்கும் கொடியின் பூ சேறுபட்டு அழுகும், மிதிபடும், பூசைக்கு ஆகாது என விலக்கப்படும். எனவே சீரான பந்தலும் கைக்கெட்டும் உயரமும் அழகுக்காக அன்றி வழிபாட்டின் தூய்மைக்காகவே முதலில் தேவைப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரில் இம்மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது: ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி மாதப் பிரம்மோற்சவத்துக்காகத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்காக அழகருக்கும் அனுப்பப்படுகிறது, ஆண்டாளின் கையில் அமரும் இலைக்கிளி மாதுளம்பூவாலும் மரவள்ளி முதலிய இலைகளாலும் மூங்கில் குச்சியாலும் நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. கிளியின் கட்டுகளுக்கும் மாலைத் தொடுப்புக்கும் பயன்படும் வாழைநாரே தோட்டத்தில் கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டும் கயிறாகவும் விளங்கியது. நனைத்தால் இளகி, உலர்ந்தால் இறுகி, சில மாதங்களில் தானே மக்கிவிடும் அந்நாரைவிட இளந்தண்டுக்கு இணக்கமான கட்டுப்பொருளைப் பிற்காலமும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கொடி பற்றி ஏறுவதற்காக நடப்படும் கம்பு தமிழில் கொழுகொம்பு எனப்படும். பறம்பு மலைத் தலைவனான பாரி, பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொழுகொம்பாக விட்டுச் சென்ற செய்தி புறநானூற்றிலும் சிறுபாணாற்றுப்படையிலும் இடம்பெற்று, வள்ளன்மைக்குச் சான்றாகக் காலந்தோறும் எடுத்துரைக்கப்பட்டுவந்தது. ஆழ்வார்களுள் பூதத்தாழ்வார், இறைவனை நாடிச் செல்லும் மனத்துக்கு, ஊன்றுகோலைத் தேடி நீளும் கொடியின் கொழுந்தை ஒப்பாகக் கூறியுள்ளார். கொடியின் நுனி காற்றில் வட்டமிட்டுப் பிடிமானத்தைத் தேடுகிறது என்பதை ஐரோப்பிய அறிவியல் 19ஆம் நூற்றாண்டில்தான் அளந்து பதிவு செய்தது. 1865இல் சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளின் அசைவுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, தண்டாலேயே சுற்றி ஏறுவன, பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுவன, கொக்கிகளால் தொற்றி ஏறுவன, வேரால் ஒட்டி ஏறுவன என அவற்றை வகைப்படுத்தியது. அவரை முதல் வகை. பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகியவை சுருள்வில் போன்ற பற்றுக்கம்பிகளையுடைய இரண்டாம் வகை. வெற்றிலையும் மிளகும் கணுக்களில் விடும் வேர்களால் ஒட்டுபவை. தக்காளி இவற்றுள் எதிலும் அடங்காது. அதற்குச் சுற்றும் தண்டும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. நீண்டு வளர்ந்து, தன் காயின் பாரத்தாலேயே சாய்ந்து, மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு மீண்டும் நீளும் இயல்பே அதன் பூர்விக வளர்முறை. ஆகவே தக்காளியைத் தூக்கி நிறுத்துவதென்றால் கொம்பு நட்டால் மட்டும் போதாது, மனிதக் கை ஒவ்வொரு கட்டத்திலும் அதைக் கட்டிக்கொண்டே செல்லவேண்டும்; இவ்வகையில் அது வெற்றிலைக்கே மிக நெருங்கிய உறவு.

வெற்றிலைத் தோட்டம் கொடிக்கால் எனப்படும். இவ்வூர்களுக்கு வடக்கே வைகைக் கரையின் சோழவந்தானும், தெற்கே தாமிரபரணிப் பாசனத்தின் ஆத்தூரும் தத்தம் வெற்றிலைக்காக 2023இல் புவிசார் குறியீடு பெற்றவை. மலைக்கு அப்பாலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரும் கொடிக்காலுக்குப் பெயர்பெற்ற ஊரே. தமிழகத்துக் கொடி வளர்ப்பு முறைகளில் மிக நுட்பமானது கொடிக்கால் என்பதில் ஐயமில்லை. அதன் சிறப்பு, தாங்குகாலையே உயிருள்ள மரமாக நட்டதில் இருக்கிறது. முதலில் மேட்டுப்பாத்திகளில் அகத்தி விதைக்கப்படும். அகத்தி சற்று வளர்ந்த பிறகே அதன் அடியில் வெற்றிலைக் கொடியின் தண்டுத் துண்டுகள் நடப்படும். கொடி ஏறத்தொடங்கியதும், அகத்தியின் கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்குக் கழித்து, கொடியை ஒரு சாணுக்கு ஒரு கட்டாக வாழைநாரால் தளர்வாகக் கட்டிக்கொண்டே செல்வர். இந்தக் கட்டு வேலை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் நடக்கும். அகத்தி ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தை எட்டும்போது அதன் தலை கொய்யப்படும். அதனால் நிழல் அளவோடு நிற்கும், காற்றிலும் மரம் முறியாது. ஓராண்டில் கொடி 3 மீட்டர் அளவுக்கு ஏறி, வீரியம் குறைந்து, இலை சிறுத்துவரும் வேளையில், பங்குனி சித்திரையை ஒட்டி அதை அவிழ்த்து இறக்கி, அடித்தண்டை வளையமாகச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மீண்டும் கட்டிவிடுவர். கொடி இறக்குதல் எனப்படும் இப்பணியால் புதைந்த கணுக்களிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பிக் கொடிக்கால் மறுபடி இளமை பெறும்.

உயிருள்ள மரத்தைக் கொழுகொம்பாக்கியதன் பயன் பன்மடங்கானது. அகத்தி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. கழித்த தழை ஆட்டுக்குத் தீவனமாகிறது. கீரை சந்தைக்குப் போகிறது. ஏகாதசி நோன்பிருந்து மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்ணும் வைணவ வழக்கம் நிலைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில், வெற்றிலையைத் தாங்கிய அந்த மரமே நோன்பு முடிக்கும் உணவாகவும் இலையில் விழுந்தது. இன்று சூழலியலார் பெரிதும் பேசும் கலப்புப் பயிர்முறை என்பதை எந்தப் பெயரும் சூட்டாமல் கொடிக்காலார் தலைமுறைகளாகச் செய்துவந்தனர் என்பது உரிய மதிப்போடு பதிவு செய்யப்பட வேண்டிய உண்மை. இதற்கு இணையாக உலகில் சொல்லத்தக்கது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பழங்குடிகளின் முறையே. அவர்கள் மக்காச்சோளத் தட்டையையே கொழுகொம்பாக்கி அவரையினப் பயிரை அதன்மேல் ஏற்றி, நிழலுக்கும் ஈரம் காக்கவும் பூசணியைத் தரையில் படரவிட்டனர். தக்காளியைப் பண்படுத்தியவர்களும் அதே நிலத்தவரே.

நந்தவனமும் கொடிக்காலும் நீர்வளமும் நிலையான ஆட்பலமும் உள்ள இடங்களுக்கு உரியவை. எளிய வீடுகளின் பந்தல் வேறு வகையானது. ஆடிப்பட்டத்தில் புழக்கடையின் சாம்பல் கொட்டிய குழியில் அவரை விதையையும் புடலை விதையையும் ஊன்றி, நான்கு கவட்டைக் கால்களை, அதாவது மேல்முனை இரண்டாகப் பிரிந்த கம்புகளை, நட்டு, குறுக்கே மூங்கிலோ பனைமட்டையோ போட்டு, மேலே முள்ளையும் தட்டையையும் பரப்பிவிடுவது தென்மாவட்டங்களின் பொது வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் நிகழும் நாட்களே விதை ஊன்றும் நாட்களாகவும் அமைவதால், விதைப்பின் நினைவும் விழாவின் நினைவும் மக்கள் மனத்தில் ஒன்றாகவே பதிந்தன. பழைய அவரை வகைகளுக்குப் பகல்பொழுது குறுகும்போது மட்டுமே பூக்கும் இயல்பு உண்டு. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் பந்தலை மூடிப் படர்ந்து, மார்கழிப் பனியில் பூத்துக் குலுங்கி, தைப்பொங்கலுக்குக் காயைத் தந்தன. புடலைக்கு மட்டும் ஆளுயரத்துக்கு மேலான பந்தல் தேவைப்பட்டது. காய் நீண்டு தொங்கும்போது தரையைத் தொடக்கூடாது என்பதோடு, அது வளையாமல் நேராக வளர நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. சுரையையும் பூசணியையும் கூரைமேலேயே ஏற்றிவிட்டதால் அவற்றுக்குத் தனிப்பந்தல் வேண்டியிருக்கவில்லை.

கரிசலின் பங்கு இந்த எளிய பந்தல்களில்தான் வெளிப்படுகிறது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் கடல்கடந்து விற்கப்பட்ட பஞ்சு, கருங்கண்ணி, உப்பம் ஆகிய நாட்டுப் பருத்தி வகைகளிலிருந்து வந்தது; அப்பருத்தியின் விளைநிலங்களில் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக் கரிசலும் ஒன்று. பஞ்சு எடுத்து முடிந்ததும் பிடுங்கப்படும் உலர்ந்த செடி பருத்திமார் எனப்படும். அடுப்பெரிக்கவும் கூரைக்கு அடிப்பரப்பாகவும் படலுக்கும் பயன்பட்ட பருத்திமார், கிளைகள் பல கொண்டதாலும் நெஞ்சளவு உயரமே உடையதாலும், சிறு கொடிகளுக்கும் தலைசாயும் செடிகளுக்கும் வாய்ப்பான தாங்கலாக அமைந்தது. மண்ணில் குத்தி நிறுத்தினால் கட்டாமலேயே செடி அதன் கிளைகளுக்குள் சாய்ந்து நிற்கும். விலையில்லாத பொருள், ஆண்டுதோறும் புதிதாகக் கிடைப்பது, பருவம் முடிந்ததும் அடுப்புக்குப் போவது என்ற மூன்று காரணங்களால், மூங்கிலை வாங்க இயலாத வீடுகளின் கொழுகொம்பு அதுவே ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கும் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களும், 1936இல் தொடங்கப்பட்ட ராஜபாளையம் மில்லும் பருத்தியின் வரலாற்றை விளைச்சலாகவும் நூலாகவும் சொல்கின்றன. எஞ்சிய மாரைப் பற்றி எந்த ஏடும் பேசுவதில்லை, ஆனால் புழக்கடைத் தோட்டங்கள் அதன்மேல்தான் நின்றன.

இத்தகைய நிலத்துக்குள் தக்காளி நுழைந்தபோது அதற்கு வரவேற்பு உடனே கிடைத்துவிடவில்லை. ஐரோப்பாவிலேயே 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதிய பிறகும், நஞ்சுச்செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற அச்சத்தால் நெடுங்காலம் பலர் அதை அழகுச்செடியாகவே வளர்த்தனர். தமிழ்நாட்டிலோ புளி என்ற வலுவான புளிப்புப் பொருள் ஏற்கெனவே அடுப்படியில் அரசாண்டதால் தக்காளிக்குத் தேவை எழவில்லை. மரபு வழுவாத வைணவ மடைப்பள்ளிகளிலும் சிராத்தச் சமையலிலும் அது இன்றும் விலக்கப்பட்ட காய்களின் வரிசையிலேயே இருக்கிறது. மலைநகரங்களிலும் ஆங்கிலேயர் குடியிருப்புகளிலும் முதலில் வளர்ந்து, உணவகங்களின் வழியே நடுத்தர வீடுகளுக்குள் புகுந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அன்றாடக் குழம்பின் பகுதியாயிற்று. புழக்கடைக்கு அது வந்துசேர்ந்த வேளையில், அவரைக்கு நட்ட கம்பும் கத்தரிக்கு முட்டுக்கொடுத்த பருத்திமாரும் அங்கே தயாராகக் காத்திருந்தன.

ஆனால் வயல்வெளியின் கதை வேறு திசையில் சென்றது. அதன் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. 1914இல் புளோரிடாவில் ஒரு தக்காளி வயலில், முடிவின்றி நீண்டுகொண்டே போகும் இயல்பை இழந்து, ஓரளவு வளர்ந்ததும் தண்டின் நுனியில் பூங்கொத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குட்டைச்செடி ஒன்று இயற்கையான மரபணு மாற்றத்தால் தோன்றியது. இவ்வியல்பு வரம்புடைய வளர்ச்சி எனப்படும். இதற்கு மாறாக நுனி ஓயாமல் நீள்வது வரம்பிலா வளர்ச்சி. வரம்புடைய ரகங்கள் கொம்பின்றியே நிற்கும், நெருக்கி நடலாம், காய்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பழுக்கும் என்பதால் உலகெங்கும் பரந்த வயல்களில் தக்காளி பயிரிட அவை வழிவகுத்தன. தமிழ்நாட்டில் அவ்வழியில் வந்த முக்கியமான ரகம் பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1970களின் இறுதியில் வெளியிட்ட பி.கே.எம். 1. தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியில் செயற்கையாக மரபணு மாற்றம் தூண்டி அது உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டை வடிவமும் காம்பருகே பச்சைத் தோளும் கொண்ட அதன் பழம் நெடுந்தூர வண்டிப் பயணத்தைத் தாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளுக்கு மறுபக்கத்தில் பிறந்த இந்த ரகம் தென்மாவட்ட வயல்களில் பரவியபோது, தக்காளிக்குக் குச்சி நடும் வழக்கம் வயலில் தேவையற்றதாகி, வீட்டுத் தோட்டத்தோடு நின்றுபோயிற்று. மழைக்காலத்தில் மண்ணைத் தொட்ட பழங்கள் அழுகின என்பதும், மழைத்துளி மண்ணில் தெறித்து அடியிலைகளில் கருகல் நோயை ஏற்றியது என்பதும் அந்த வசதிக்குக் கொடுத்த விலை.

இதற்கு வெகு முன்பிருந்தே தாங்குபொருள்களும் மாறிக்கொண்டிருந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை அரசின் ஒதுக்குக் காடுகளாக்கத் தொடங்கியதிலிருந்து, அடிவாரத்து மக்கள் கம்பும் மூங்கிலும் எடுக்கும் உரிமை படிப்படியாகக் குறுகியது. 1988இல் சாம்பல்நிற மலை அணில் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தபின் மலை முற்றிலும் காட்டுயிர்களுக்கானதாயிற்று. அந்த அரிய அணில்களுக்கும் அவை வாழும் மரங்களுக்கும் அப்பாதுகாப்பு இன்றியமையாதது. அதே சமயம், மலைக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த பழைய பண்டமாற்று உறவு அதனோடு முடிந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். மூங்கிலின் இடத்தை, விலைக்கு வாங்கிய சவுக்கும் தைலமரமும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு வறண்ட மாவட்டங்களையெல்லாம் மூடிய சீமைக்கருவேலின் கம்பும் பிடித்தன. பருத்தியின் பரப்பு சுருங்கச் சுருங்கப் பருத்திமாரும் அரிதாயிற்று.

நிலையான பந்தல் என்ற கருத்துக்கு மலைக்கு அப்பாலிருந்துதான் முன்மாதிரி கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படும் பன்னீர் திராட்சை, கருங்கல் கால்களின்மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முறுக்கிய பந்தலில் படர்கிறது. 2023இல் அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டுதோறும் கறையான் அரிக்கும் மரக்காலுக்குப் பதிலாகத் தலைமுறைக்கும் நிற்கும் கல்காலும், நாருக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத நாகம் பூசிய கம்பியும் வந்தபோது, பாகலும் புடலையும் பீர்க்கும் கோவையும் புழக்கடையிலிருந்து வயலுக்கு இடம்பெயர்ந்து பணப்பயிர்களாயின. ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், ஓரக்கால்களை வெளிப்புறமாகச் சாய்த்து நட்டு, அவற்றை மண்ணில் புதைத்த கல்லோடு இழுகம்பியால் பிணைக்கும் நுட்பம், பந்தலின் முழுப் பாரமும் விளிம்புகளில் வந்து விழுகிறது என்ற பட்டறிவிலிருந்து பிறந்தது. முதலீடு பெரிது என்பதால் தோட்டக்கலைத் துறை பந்தல் அமைக்க மானியம் வழங்கிவருகிறது. பின்னர் செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டும் முறைக்கும் அம்மானியம் விரிவுபடுத்தப்பட்டது.

அந்த விரிவாக்கத்துக்குக் காரணம் தக்காளியே. உயர்ந்து வளர்ந்து நீண்டகாலம் காய்க்கும் ஒட்டுவீரிய ரகங்கள், அதாவது இருவேறு பெற்றோர் வகைகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதைகள், வயலுக்கு வந்ததும் கைவிடப்பட்ட கொழுகொம்பு மீண்டும் தேவைப்பட்டது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டுகளும், பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் முதலியவையும், தனியார் விதைகளும் தரையில் விட்டால் தம் முழு விளைச்சலைத் தருவதில்லை. நாற்று நட்ட ஒரு மாதத்துக்குள், வேர் பரவி ஊன்றுகோலால் காயம்படும் முன்பாக, செடிக்கொரு குச்சி நட்டோ, வரிசை நெடுகச் சில அடிக்கொரு கால் நிறுத்தி இரண்டு மூன்று அடுக்குக் கம்பி இழுத்தோ, தண்டைச் சணலால் கட்டுகின்றனர். தண்டைச் சுற்றி ஒரு வளையமும் கம்பைச் சுற்றி மற்றொரு வளையமுமாக எட்டு என்ற எண்ணின் வடிவில் தளர்வாக இடப்படும் முடிச்சு, தண்டு பருக்கும்போது நெரிபடாமல் காக்கிறது. கொடிக்காலில் வெற்றிலைக்கு இட்ட தளர்கட்டின் கருத்தும் அதுவே. அடிப்பகுதியின் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவதும், அகத்தியின் கீழ்க்கிளைகளைக் கழித்ததைப் போலவே, காற்றோட்டத்துக்காகச் செய்யப்படுகிறது.

2013இல் தமிழ்நாடு அரசு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்துக்குப் பின், தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் தக்காளி வளர்க்கும் வழக்கம் நகரங்களில் பரவியது. பையின் ஆழம் குறைவு என்பதால் குச்சி ஊன்றுவதைவிட, மேலே கட்டிய கம்பியிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, செடியை அதில் சுற்றி ஏற்றுவதே மாடிக்கு ஏற்றதாயிற்று. வயலிலும் மாடியிலும் இன்று பெரும்பாலும் பயன்படுவது ஞெகிழி இழை. அது மலிவானது, மழையில் இற்றுப்போகாது. அந்த உறுதியே அதன் கேடுமாகும்: பருவம் முடிந்து செடியைப் பிடுங்கும்போது இழை அறுந்து மண்ணில் கலக்கிறது, அல்லது காய்ந்த செடியோடு சேர்த்து எரிக்கப்பட்டு நச்சுப்புகையாகிறது, தழையைத் தின்னும் ஆட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது. வாழையும் தென்னையும் பரந்து விளையும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோட்டங்களில் தார் வெட்டிய வாழைமட்டைகள் வரப்போரம் மக்கிக் கிடக்க, அருகிலேயே கடையில் வாங்கிய ஞெகிழிச் சுருளால் தக்காளி கட்டப்படும் நிலை வருந்தத்தக்கது. மட்டையை உரித்து நார் எடுக்கும் கூலி, ஒரு சுருள் ஞெகிழி இழையின் விலையைவிட மிகுதியாகிவிட்டதே இதற்குக் காரணம். பூக்கட்டுவோர் மட்டுமே, நார் நனைந்தால்தான் பூ வாடாது என்பதால், இன்னும் வாழைநாரைக் கைவிடவில்லை. குச்சிகளைப் பொறுத்தவரை, சவுக்குக் கம்புகள் அறுவடைக்குப் பின் பிடுங்கப்பட்டு, மண் உதறி, வெயிலில் உலர்த்தி, இரண்டு மூன்று பருவங்களுக்கு மறுபடி பயன்படுத்தப்படுகின்றன. வாடல் நோய் தாக்கிய வயலின் கம்புகளை மட்டும் அடுத்த நடவுக்கு எடுக்காமல் விறகாக்கிவிடுவது அனுபவமுள்ள உழவரின் வழக்கம்.